ஒரு கோடியில் ஒரு பங்கு: ஆலைக்குள் அத்தனை காவல், வெளியே வந்த மெத்தனாலுக்கு யார் காவல்?

கள்ளக்குறிச்சி என்றதும் இன்றும் பலருக்கு நினைவுக்கு வருவது 2024 ஜூன் மாதம்தான். நகரின் கருணாபுரம் பகுதியில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்பட்டார்கள். கள்ளக்குறிச்சியில் இடம் போதவில்லை. சேலம், விழுப்புரம், புதுச்சேரி ஜிப்மர் என்று ஆம்புலன்ஸ்கள் ஓடின. ஜூன் 19 அன்று வரத் தொடங்கிய மரணச் செய்திகள் நாள்கணக்கில் நிற்கவில்லை. 65-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தினக்கூலிகள். பெண்களும் அதில் உண்டு.

அந்தப் பாக்கெட்டில் இருந்தது மெத்தனால்.

அதே மெத்தனாலுக்குத் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பரில் அடிக்கல் நாட்டு விழா நடந்தது. கப்பல்களுக்குப் பசுமை மெத்தனால் நிரப்பும் முன்னோட்ட நிலையம், மதிப்பு 35.34 கோடி ரூபாய். டீசலுக்கு மாற்று, கார்பன் குறைவு, எதிர்கால எரிபொருள் என்று அங்கே அதற்கு நல்ல பெயர்.

ஒரே திரவம். ஓரிடத்தில் எமன், இன்னோரிடத்தில் எதிர்காலம். இரண்டுமே உண்மை. மெத்தனாலை ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் தேவையில்லை. ஆனால் அதைத் தயாரிக்கும்போது ஆலைக்குள் காட்டும் கவனத்தில் ஒரு பங்காவது, கேட்டைத் தாண்டிய பிறகும் தொடர்கிறதா? இந்தக் கேள்விக்குப் பதில் தேட, மெத்தனால் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

மெத்தனாலும் எத்தனாலும் ஒன்றுதானே?

இல்லை. பெயரில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், உடம்புக்குள் போனால் நடப்பது வேறு.

மதுபானங்களில் இருப்பது எத்தனால். சர்க்கரையை ஈஸ்ட் நொதிக்கச் செய்தால் கிடைப்பது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் மொலாசஸைப் புளிக்க வைத்துக் காய்ச்சினால் எத்தனால் வந்துவிடும்.

மெத்தனால் அப்படி வருவதில்லை. இன்று உலகில் விற்பனையாகும் மெத்தனால் கிட்டத்தட்ட முழுக்க ரசாயன ஆலைத் தயாரிப்பு. பெயின்ட், தின்னர், பிளைவுட் பசை, மருந்து, பிளாஸ்டிக், பயோடீசல் என்று அது இல்லாத தொழில் குறைவு. இந்தியா தன் தேவையில் பெரும்பகுதியை வளைகுடா நாடுகள் உள்ளிட்ட இடங்களிலிருந்து கப்பலில்தான் கொண்டுவருகிறது. உள்நாட்டில் தயாரிக்கும் ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். வாசனை சாராயம் மாதிரியே இருக்கும். குடித்தால் முதலில் போதையும் ஏறும். பிரச்சினையே அங்குதான். நாக்கும் மூக்கும் சொல்லிக் கொடுக்காத விஷம் இது.

ஆலையில் எப்படித் தயாராகிறது?

கணக்கு எளிது. கார்பன் மோனாக்சைடுடனோ கார்பன் டை ஆக்சைடுடனோ ஹைட்ரஜனைச் சேர்த்தால் மெத்தனால். இப்படி ஹைட்ரஜனைச் சேர்ப்பதற்குப் பெயர் ஹைட்ரஜனேற்றம். வனஸ்பதி தயாரிக்க எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றுகிறார்களே, அதே குடும்பம்தான்.

ஆனால் இந்த வாயுக்களை ஒன்றாக அடைத்து வைத்தால் மட்டும் எதுவும் நடந்துவிடாது. நடுவில் ஒரு தரகர் வேண்டும். அதுதான் வினையூக்கி. மெத்தனால் ஆலையில் அந்த வேலையைச் செய்வது தாமிரமும் துத்தநாக ஆக்சைடும் அலுமினாவும் கலந்த சின்னச் சின்ன வில்லைகள். 200 முதல் 300 டிகிரி செல்சியஸ் வெப்பம், நாம் சுவாசிக்கும் காற்றைப் போல 50 முதல் 100 மடங்கு அழுத்தம். இந்த நிலையில் வாயு அந்த வில்லைகளின் மேல் பாய்ந்து மெத்தனாலாக வெளியேறும். வில்லை கரைவதில்லை, தீர்வதில்லை. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

அந்த ‘ஒழுங்காகப் பார்த்துக்கொள்வது’தான் பெரிய வேலை.

தாமிர வினையூக்கிக்கு ஒரு ஜென்ம விரோதி உண்டு: கந்தகம். இயற்கை எரிவாயுவிலும் நிலக்கரியிலும் கந்தகச் சேர்மங்கள் கலந்தே இருக்கும். கந்தகம் தாமிரத்தின் மேல் ஒட்டிக்கொண்டால் எளிதில் விடாது. வினை நடக்க வேண்டிய இடமெல்லாம் அடைபட்டுப் போகும், வினையூக்கி செத்துவிடும். வேதியியலில் இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘நச்சூட்டல்’. குளோரினும் அப்படித்தான், தாமிரத்துக்கு ஆகவே ஆகாது.

அதனால் ஹைட்ரஜனேற்றத்துக்குள் போகும் முன்பே வாயுவைச் சுத்தம் செய்தாக வேண்டும். இயற்கை எரிவாயு ஆலையில் இது இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் கோபால்ட்-மாலிப்டினம் என்ற இன்னொரு வினையூக்கி. பலவிதமான கந்தகச் சேர்மங்களை எல்லாம் ஹைட்ரஜன் சல்பைடு என்ற ஒரே வடிவத்துக்கு இது மாற்றும். அழுகிய முட்டை நாற்றம் வீசுமே, அந்த வாயுதான். அடுத்து, துத்தநாக ஆக்சைடு நிரப்பிய உயரமான கலன். ஹைட்ரஜன் சல்பைடு அதன் வழியே போகும்போது, துத்தநாக ஆக்சைடு கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு தானே துத்தநாக சல்பைடாக மாறிவிடும். வினையூக்கியைக் காப்பாற்றத் தன்னையே கொடுத்துவிடுகிறது. இதற்குக் ‘காவல் படுகை’ என்று பெயர்.

பல ஆலைகளில் இப்படி இரண்டு படுகைகளை வரிசையாக வைத்திருப்பார்கள். முதல் படுகை நிரம்பி, கந்தகம் கசியத் தொடங்கினாலும் பின்னால் நிற்கும் இரண்டாவது பிடித்துவிடும். பிறகு வரிசையை மாற்றிக்கொள்வார்கள்.

எவ்வளவு சுத்தம் வேண்டும் தெரியுமா? கந்தகம் 0.1 பிபிஎம் அளவுக்கும் கீழே இருக்க வேண்டும். நம் கணக்கில் சொன்னால், ஒரு கோடியில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் ஆலை நிர்வாகத்துக்குத் தூக்கம் போய்விடும்.

இந்தச் சுத்தத்துக்கு ஒரு வரலாறும் உண்டு

ஒரு காலத்தில் மெத்தனாலை மரக்கட்டையைக் காற்றுப்படாமல் சூடாக்கித்தான் எடுத்தார்கள். மரச் சாராயம் என்ற பழைய பெயர் அதனால் வந்தது. 1923-ல் ஜெர்மனியின் லாய்னாவில் பிஏஎஸ்எஃப் நிறுவனம் முதன்முதலாக வாயுவிலிருந்து மெத்தனாலைப் பெரிய அளவில் தயாரித்தது. அன்று பயன்பட்டது துத்தநாக-குரோமியம் வினையூக்கி. கந்தகத்தை ஓரளவு தாங்கும், ஆனால் 250 முதல் 350 மடங்கு அழுத்தம் கேட்கும். செலவு கண்ணைக் கட்டும்.

தாமிரம் இதைவிடச் சுறுசுறுப்பானது என்பது அப்போதே தெரிந்ததுதான். ஆனால் அன்றைய வாயுவில் இருந்த கந்தகத்தில் அது தாக்குப்பிடிக்காது. வாயுவை அந்த அளவுக்குச் சுத்தமாக்கும் வழி கைக்கு வந்த பிறகு, 1966-ல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனம் தாமிர வினையூக்கியுடன் குறைந்த அழுத்த முறையைக் கொண்டுவந்தது. இன்று உலகம் முழுக்க அந்த வழிதான். வினையூக்கி மாறியதற்குப் பின்னால் இருந்தது, முன்னால் வைத்த சுத்திகரிப்பு.

நிலக்கரியிலிருந்து தயாரிக்கும் ஆலைகளில் இன்னொரு விநோதம். அங்கே வாயுவிலிருந்து கந்தகத்தைக் கழுவி எடுக்க, உறைநிலைக்கும் வெகு கீழே குளிர்வித்த மெத்தனாலையே பயன்படுத்துகிறார்கள். மெத்தனால் செய்வதற்கான வாயுவை மெத்தனாலே கழுவிக் கொடுக்கிறது!

இப்போது பேசப்படும் பசுமை மெத்தனாலுக்கும் இந்த விதி பொருந்தும். மத்தியப் பிரதேசத்தின் விந்தியாசல் அனல்மின் நிலையத்தில் புகைக்கூண்டு வாயுவிலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து, நாளொன்றுக்கு 10 டன் மெத்தனால் தயாரிக்கும் ஆலையை என்டிபிசி அமைத்திருக்கிறது. நிலக்கரிப் புகையில் கந்தகம் இருக்கும். அதை நீக்காமல் ஹைட்ரஜனேற்றத்துக்குள் விட முடியாது. மூலப்பொருள் மாறலாம், காவல் மாறாது.

கல்லீரலுக்குள் நடப்பது தலைகீழ்

நம் உடம்பிலும் வினையூக்கிகள் இருக்கின்றன. நொதிகள் என்கிறோம். மதுவைக் கையாளும் நொதியின் பெயர் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ். ‘ஹைட்ரஜனை எடுப்பது’ என்பதுதான் பெயரின் பொருள். ஆலை ஹைட்ரஜனை ஏற்றி மெத்தனால் செய்கிறது. கல்லீரல் அதே ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது.

எத்தனாலில் அப்படிப் பிடுங்கினால் கடைசியில் வருவது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகரில் இருப்பது. உடம்பு அதைச் சமாளித்துவிடும். மெத்தனாலில் பிடுங்கினால் முதலில் ஃபார்மால்டிஹைடு, பிறகு ஃபார்மிக் அமிலம். எறும்புக் கடியில் எரியுமே, அந்த அமிலம்தான். இது செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் வழியையே அடைத்துவிடும். ரத்தம் அமிலமாகும். பார்வை நரம்பு முதலில் அடிவாங்கும். பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் பார்வை திரும்பாமல் போவதற்குக் காரணம் இதுவே.

சுத்தமான மெத்தனால் 10 மில்லி உள்ளே போனாலே பார்வை பறிபோகலாம். 30 மில்லி உயிரைப் பறிக்கலாம்.

இன்னொரு கொடுமை, இது உடனே தெரியாது. கல்லீரல் மெத்தனாலை மாற்றி முடிக்க நேரம் எடுக்கும். 12 முதல் 24 மணி நேரம் வரைகூட ஆள் நன்றாக இருப்பது போலத் தெரியும். ‘ராத்திரி குடிச்சார், காலையில வேலைக்குக்கூட கிளம்பினார்’ என்று வீட்டுக்காரர்கள் சொல்வது இதனால்தான். சாயங்காலம் கண்ணில் வெள்ளை வெள்ளையாகத் தெரியும்போது நேரம் ஓடியிருக்கும்.

மருந்து இருக்கிறது. ஃபோமெபிசோல் என்ற ஊசி மருந்து அந்த நொதியைப் பூட்டி வைத்துவிடும். நொதி வேலை செய்யாவிட்டால் விஷம் உருவாகாது. பிறகு டயாலிசிஸ் மூலம் மெத்தனாலை வெளியேற்றிவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது உண்டு. விலை அதிகம். அது இல்லாத இடத்தில், மருத்துவர்கள் கணக்காகத் தரும் எத்தனாலும் நொதியை அந்தப் பக்கம் இழுத்து அவகாசம் வாங்கித் தரும். இது மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனையுடன் செய்ய வேண்டிய சிகிச்சை. வீட்டில் ‘நல்ல சரக்கு’ ஊற்றிக் கொடுப்பது வைத்தியம் அல்ல. சந்தேகம் வந்தால் ஒரே வழி 108-தான். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் உயிருக்கு உலை.

விஷம் மலையிலிருந்து இறங்கியதா?

கருணாபுரம் சம்பவத்துக்குப் பிறகு எல்லோர் பார்வையும் போனது கல்வராயன் மலைக்கு. போலீஸ் படைகள் மலையேறின. சாராய ஊறல்கள் தேடித் தேடி அழிக்கப்பட்டன. தொலைக்காட்சிகளில் பேரல் உருளும் காட்சிகள் ஓடின.

கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சப்பட்டது பொய்யில்லை. வெல்லம், கடுக்காய், மரப்பட்டை போட்டு ஊறல் வைப்பது அங்கே நெடுநாள் பழக்கம். அது சட்டவிரோதம். உடம்புக்கும் கேடு. ஆனால் வேதியியல் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: வெல்ல ஊறலைக் காய்ச்சினால் கிடைப்பது எத்தனால். அதில் மெத்தனால் இருந்தாலும் அற்ப அளவு. பெக்டின் நிறைந்த பழங்களை ஊற வைத்தால் கொஞ்சம் கூடலாம், அவ்வளவுதான். ஒரு தெருவையே சாய்க்கும் மெத்தனாலை எந்த ஊறல் பானையும் தராது. அது பேரலில் வந்தால்தான் உண்டு. பேரல் வருவது ரசாயனம் விற்கும் ஊர்களிலிருந்து, சாலை வழியாக.

விசாரணையும் அந்தத் திசையில்தான் போனது. மெத்தனால் வந்த வழியைத் தேடிய சிபிசிஐடி போலீஸார் மலையை விட்டு, சமவெளி நகரங்களின் பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. விற்பனை நடந்த இடமோ மாவட்டத் தலைநகரின் நடுவே, காவல் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்.

மலைக்காரர்களுக்கு இதில் விழுந்த பழி சின்னதல்ல. கல்வராயன் மலையில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். தலைமுறைகளாக ஜாகிர்தார்களின் பிடியில் இருந்த மலை அது. 1976-ல்தான் அந்த ஆட்சி முடிவுக்கு வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாமே அங்கு தாமதமாக ஏறியவை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே வழக்கு எடுத்து விசாரிக்கத் தொடங்கியது. சாராயத்தை விட்டால் பிழைக்க வழி என்ன என்ற கேள்விக்குச் சாலையும் சந்தையும் வேலையும்தான் பதில் என்பதை அந்த வழக்கு பொதுவெளிக்குக் கொண்டுவந்தது.

மலையில் ஊறலை அழிப்பது மதுவிலக்குச் சட்டத்தின் வேலை. செய்யட்டும். ஆனால் மெத்தனால் சாவைத் தடுக்க அது போதாது. சொல்லப்போனால், ஊறல் கிடைக்காத இடத்தில் வியாபாரி கைவைப்பது பேரலில்தான். காய்ச்ச வேண்டாம், புகை வராது, தண்ணீர் கலந்தால் சரக்கு ரெடி. ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் இன்னொரு பக்கம் திறக்கும் ஆபத்து இங்கே உண்மையிலேயே இருக்கிறது.

சட்டம் இல்லாமலா இருக்கிறது?

இருக்கிறது. டிநேச்சர்டு ஸ்பிரிட், மெத்தில் ஆல்கஹால், வார்னிஷ் ஆகியவற்றுக்கென்றே தமிழ்நாட்டில் 1959-ம் ஆண்டு விதிகள் உண்டு. மெத்தனால் வைத்திருக்க, விற்க, பயன்படுத்த உரிமம் வேண்டும். கணக்கு எழுத வேண்டும்.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அது காய்ச்சிய சாராயமே அல்ல, ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று அப்போதைய டிஜிபி அறிக்கையே வெளியிட்டார். நோய் என்னவென்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. பதின்மூன்றே மாதத்தில் கருணாபுரம்.

அதன் பிறகு நடவடிக்கைகள் வேகமெடுத்தன. ஆட்சியர் மாற்றப்பட்டார், எஸ்.பி. பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி பி.கோகுல்தாஸ் தலைமையில் ஒருநபர் ஆணையம் அமைந்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. 2024 ஜூன் 29-ல் மதுவிலக்குத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. மரணம் நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை, அபராதம் 10 லட்சத்துக்குக் குறையாமல். நவம்பர் 20-ல் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. மாநில அரசு மேல்முறையீடு செய்ய, டிசம்பர் 17-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

இவற்றில் பெரும்பாலானவை சாவு நடந்த பிறகு செய்பவை. தண்டனை கூடியது சரிதான். ஆனால் ஆயுள் தண்டனைக்குப் பயந்து பேரல் தானாக நின்றுவிடுவதில்லை. அது எங்கே இருக்கிறது என்று யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

யார் பார்ப்பது? ஆலை ஆல்கஹால் மத்திய அரசின் பொறுப்பா, மாநிலத்தின் பொறுப்பா என்ற இழுபறி நீண்ட காலமாக இருந்தது. 2024 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 8-1 என்ற கணக்கில் ஒரு முடிவு சொன்னது. தொழிற்சாலை ஆல்கஹாலையும் மாநிலங்கள் ஒழுங்குபடுத்தலாம். தவறாகப் பயன்படுத்தி மக்களைக் கொல்லக்கூடிய பொருள் மாநிலத்தின் கண்ணிலிருந்து தப்பக் கூடாது என்பது அதன் உட்கருத்து. ‘எங்களுக்கு அதிகாரம் இல்லை’ என்று சொல்ல இனி எந்த மாநிலத்துக்கும் பெரிதாக இடமில்லை.

தமிழ்நாட்டில் மட்டுமா?

இல்லவே இல்லை. 2022 ஜூலையில் குஜராத்தின் போடாட் பகுதியில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முழு மதுவிலக்கு உள்ள மாநிலம் அது. அகமதாபாத் ரசாயனக் கிடங்கு ஒன்றிலிருந்து திருடப்பட்ட மெத்தனால் என்றது போலீஸ். 2025 மே மாதம் பஞ்சாபின் மஜிதாவில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மெத்தனால் ஆன்லைனில் ஆர்டர் போட்டு வாங்கப்பட்டது என்று போலீஸ் சொன்னது.

மது கிடைக்கும் மாநிலம், கிடைக்காத மாநிலம், ஊறல் உள்ள ஊர், இல்லாத ஊர் என்று எல்லா இடத்திலும் நடந்திருக்கிறது. பொதுவாக இருப்பது ஒன்றே: ஆலைக்குப் போக வேண்டிய மெத்தனால் வழியில் காணாமல் போயிருக்கிறது.

எவ்வளவு காணாமல் போனால் போதும்?

ஒரு சின்னக் கணக்கு. சாதாரண ரசாயன பேரல் 200 லிட்டர் பிடிக்கும். அதை 30 மில்லியால் வகுத்துப் பாருங்கள். 6,600-க்கும் மேல் வருகிறது. ஒரே பேரலில் அத்தனை ஆபத்தான அளவுகள்.

இப்போது 20,000 லிட்டர் டேங்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பேரல் என்பது வெறும் 1 சதவீதம். ‘ஆவியாகிப் போச்சு’, ‘அளவில் வித்தியாசம்’ என்று நோட்டில் எழுதிக் கடந்துவிடக்கூடிய அளவு.

ஆலைக்குள் நுழையும் வாயுவில் கந்தகம் ஒரு கோடியில் ஒரு பங்கைத் தாண்டினாலே மணி அடிக்கிறது. வெளியே வந்த திரவத்தில் நூறில் ஒரு பங்கு காணாமல் போனால் மணி அடிக்குமா? அடித்தாலும் யார் காதில் விழும்?

வித்தியாசம் ஏன் என்று யோசித்தால் விடை கசப்பானது. வினையூக்கி செத்தால் நட்டம் ஆலைக்கு. அன்றே கணக்கில் தெரியும். பேரல் காணாமல் போனால் நட்டம் கருணாபுரத்துக்கு. அது எந்த ஆலையின் வரவு செலவிலும் ஏறாது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

ஆலைக்காரர்களின் பாடத்தையே எடுத்துக்கொள்ளலாம். காவலை எங்கே வைக்கிறார்கள்? வினையூக்கிக்கு உள்ளே அல்ல, அதற்கு முன்னால். எல்லா வாயுவும் ஒரே குழாயில் வரும் இடத்தில். ஒன்றுக்குப் பின் ஒன்றாக இரண்டு.

மெத்தனாலுக்கும் அப்படி ஒரு குழாய் இருக்கிறது. பெரும்பகுதி இறக்குமதி என்பதால் சில துறைமுகத் தொட்டிகள் வழியாகத்தான் நாட்டுக்குள் வருகிறது. உள்நாட்டு ஆலைகளும் கொஞ்சம்தான். மலையில் ஆயிரம் ஓடைகளில் ஊறல் தேடுவதைவிட, சில பத்து கேட்டுகளில் லிட்டர் கணக்கு பார்ப்பது எளிது.

முதல் காவல், கணக்கு. தொட்டியிலிருந்து டேங்கர், டேங்கரிலிருந்து பேரல், பேரலிலிருந்து பயன்படுத்தும் தொழிற்கூடம் வரை ஒரே மின்னணுப் பதிவு. டேங்கருக்கு ஜிபிஎஸ்ஸும் மின்னணுப் பூட்டும். பேரலுக்கு க்யூஆர் குறியீடு. வாங்கிய அளவும் தயாரித்த பொருளும் பொருந்துகிறதா என்ற ஒப்பீடு. அரசின் டாஸ்மாக் பாட்டிலையே குறியீடு வைத்துப் பின்தொடர முடியும் என்கிற காலத்தில், மெத்தனால் பேரலுக்கு இது பெரிய விஷயமல்ல. மூடிக்கிடக்கும் ஆலைகளில் மிச்சமிருக்கும் இருப்பையும் விட்டுவிடக் கூடாது.

இரண்டாவது காவல், சுவை. டினாடோனியம் என்ற பொருளைத் துளி சேர்த்தாலே திரவம் வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கசக்கும். நிறமும் சேர்க்கலாம். கணக்கில் தப்பிய பேரலை நாக்கு பிடித்துவிடும். பிரிட்டனில் டிநேச்சர்டு ஸ்பிரிட் ஊதா நிறத்தில் இருப்பது இதற்காகத்தான்.

இங்கே தொழில்துறையின் ஆட்சேபமும் நியாயமானது. மருந்து ஆலைக்கும் ரசாயன ஆலைக்கும் தேவை சுத்தமான மெத்தனால். கசப்போ சாயமோ கலந்தால் அதுவே அவர்களின் வினையூக்கிக்கு நஞ்சாகலாம், மருந்தில் மாசாகலாம். பெரிய ஆலைக்குக் குழாயிலோ பூட்டிய டேங்கரிலோ நேரடியாகப் போவதைச் சுத்தமாகவே விடலாம். தின்னர், வார்னிஷ், சில்லறை விற்பனை என்று பேரலாகவும் கேனாகவும் பிரியும் மெத்தனாலுக்குக் கசப்பைக் கட்டாயமாக்கலாம். கைமாறும் இடங்கள் கூடக் கூடத்தான் களவும் கூடுகிறது. அங்கே சுத்தத்தின் தேவையும் குறைவு.

சிறு தொழில்முனைவோருக்கு இன்னொரு கவலை: உரிமம், பதிவு என்றால் அலைக்கழிப்பார்களே? அந்தப் பயமும் பொய்யல்ல. பதிவு மொபைலில் முடிந்துவிட வேண்டும். சோதனை என்ற பெயரில் கைநீட்ட இடம் இருக்கக் கூடாது. இல்லாவிட்டால் நேர்மையானவர் ஓய்ந்துபோவார், திருடன் அதே வழியில் போய்க்கொண்டிருப்பான்.

மூன்றாவது காவல், மருத்துவமனை. இரண்டையும் தாண்டி விஷம் வந்துவிட்டால், மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே ஃபோமெபிசோல் இருப்பும், ரத்த அமிலத்தன்மையை உடனே பார்க்கும் வசதியும், டயாலிசிஸ் இயந்திரங்களும் தயாராக இருக்க வேண்டும். கள்ளக்குறிச்சியிலிருந்து சேலத்துக்கும் புதுச்சேரிக்கும் போகும் நேரம் இந்த நோயில் மிகப் பெரிய நேரம்.

ஏன் இப்போதே?

ஏனென்றால் மெத்தனால் கூடப் போகிறது. கப்பல் எரிபொருளாக உலகமே அதைப் பார்க்கிறது. தூத்துக்குடியில் வரப்போவது 750 கன மீட்டர் கொள்ளளவு. அதாவது ஏழரை லட்சம் லிட்டர். அது வெறும் முன்னோட்டம். பசுமை மெத்தனால் என்றாலும் மூலக்கூறு அதேதான். காற்றாலை மின்சாரத்தில் செய்தது என்பதால் கல்லீரல் சலுகை காட்டாது.

நிலையம் கட்டும்போதே கணக்குக் காவலையும் சேர்த்துக் கட்டுவது மலிவு. பிறகு ஒட்டவைப்பது கடினம், அதுவும் பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பிறகுதான் நடக்கும். தூத்துக்குடித் திட்டம் பற்றி அடுத்த செய்தி வரும்போது எத்தனை கோடி, எத்தனை டன் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். தொட்டியிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு லிட்டரும் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை யார், எந்தத் திரையில் பார்க்கிறார்கள் என்றும் கேளுங்கள். எக்கியார்குப்பத்துக்குப் பிறகு சத்தமாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.